காதுகுத்துக்குப் போன புகைவண்டி

எங்கள் ஊரில் "பாண்டிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு யாரும் மரியாதையாகக் கிளம்ப முடியாது. கேட்டவர் முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார். பிறகு கையில் பை இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வரும்போது நமக்கும் ஒண்ணு" என்பார். நான் குடிப்பதில்லை என்றால், "அதான் போறியே, கத்துக்குவ" என்பார். ஆகவே அந்த வாரம் முழுக்க, "நெல்லித்தோப்புல அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான். என் மடியில உக்கார வச்சுதான் குத்தணும்" என்று கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் முழு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்படியும் இரண்டு பேர் காலிப் பாட்டில் அளவைக் கையால் காட்டிவிட்டுப் போனார்கள்.

தமிழ்நாட்டைத் தாண்டி நான் போயிருக்கிற ஒரே ஊர் பாண்டி. அதுவும் பஸ்ஸில் போய், அக்கா வீட்டில் சாப்பிட்டு, பஸ்ஸில் திரும்பியதுதான். ஆனாலும் எல்லையில் நல்வரவு வளைவைத் தாண்டும்போது முதுகை நிமிர்த்திக்கொள்வேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். வேறோர் ஆட்சிக்குள் நுழைகிறோம் என்று தெரிந்து நுழைகிற முதல் ஆளும் நான்தான். கல்லூரியில் சுற்றுச்சூழல் மன்றச் செயலாளர். "காற்று யாருக்கும் தனிச்சொத்தில்லை" என்று ஆண்டு விழாவில் முழங்கிக் கைதட்டு வாங்கியவன். அப்படிப்பட்டவன் இந்த முறை எந்த வண்டியில் போனேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஏழுமலை சித்தப்பாவின் வேன் ஒரு காலத்தில் ஏதோ பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. பக்கவாட்டில் 'பள்ளி' அழிந்துபோய் 'வாகனம்' மட்டும் மிச்சம் இருக்கிறது. அதன் சொந்த இஞ்சின் செத்த பிறகு, சித்தப்பா எங்கிருந்தோ ஒரு டீசல் இஞ்சினைக் கொண்டுவந்து மாட்டினார். அது முன்பு கிணற்றில் தண்ணீர் இறைத்தது என்று ஒரு கட்சி, அரிசி மில்லில் இருந்தது என்று ஒரு கட்சி. ரயில் பாதையே இல்லாத எங்கள் ஊரில் அந்த வேனுக்குப் பெயர் புகைவண்டி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் புகைவண்டி வரையச் சொன்னால் சித்தப்பாவின் வேனைத்தான் வரையும். டீச்சரும் சரி போட்டுவிடுவார்.

எங்கள் மன்றம் அச்சடித்த 'மாசில்லாக் காற்று மனிதனின் உரிமை' ஸ்டிக்கர் ஒன்று அதன் பின்கதவில் இருந்தது. துரு தின்ற ஓட்டையை மறைக்கச் சித்தப்பா ஒட்டியது.

அம்மாவும் மற்ற சொந்தக்காரர்களும் முந்தியே மெயின் ரோட்டுக்கு நடந்து போய் பஸ் ஏறிவிட்டார்கள். "அதுல வந்தா காது குத்துறதுக்குள்ள மூச்சு நின்னுடும்" என்றது அம்மா. சீர்த் தட்டுகள், அண்டா, வாழைத்தார், குழந்தைக்கு மூன்று சக்கரச் சைக்கிள் எல்லாம் வேனில். அவற்றோடு நானும் சித்தப்பாவும். ஆட்டோவில் கொண்டுபோனால் என்ன என்று நான் கேட்டிருந்தேன். செல்வி அக்கா போனிலேயே அழாத குறை. "டேய் தம்பி, என் ஓரகத்திப் பொண்ணு காதுகுத்துக்கு மினி லாரியில சீர் வந்துச்சுடா. எங்க அத்தை இன்னிக்கு வரைக்கும் அதச் சொல்லிக்கினே இருக்கு. நம்ம வீட்டுலயும் வேன் வருதுன்னு தெரு பூரா சொல்லி வச்சிருக்கேன். ஆட்டோவுல வந்து எறங்கினீங்கன்னா நான் ஆயுசுக்கும் அந்த வீட்டுல தலை நிமிர முடியாது."

அக்காவின் தலை நிமிர்வது இந்தப் புகைவண்டியின் கையில் இருந்தது.

காதுகுத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கிளம்பினோம். கண்ணாடியில் பார்த்தேன்; எங்களுக்குப் பின்னால் சாலை தெரியவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் மேகத்துக்குள்ளிருந்து வெளியே வந்து, எங்களைக் கடந்து, கையை நீட்டி ஏதோ சொன்னார். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

"சித்தப்பா, இந்தப் புகைய ஒரு தரம் பாக்கக் கூடாதா?"

"நான் எங்கடா பாக்குறது? நான் முன்னாடி உக்காந்திருக்கேன்."

"வண்டி உங்களுது. காத்து எல்லாருக்கும் பொது இல்லையா?"

"டீசல் நான் போடுறேன். வரி நான் கட்டுறேன். நம்ம ஊருக்கு பஸ் வருதா? வரல. உங்க அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்து வலி எடுத்தப்ப எவன் வண்டி வந்துச்சு? உன் சுற்றுச்சூழல் மன்றமா வந்துச்சு?" சித்தப்பா கியரை மாற்றினார், அது யாரையோ மிதித்த மாதிரிக் கத்தியது. "இந்த வண்டி இல்லைன்னா காதும் இல்ல, குத்தும் இல்ல. சட்டம் போடுறவன் முதல்ல பஸ் விடட்டும். அப்பால என் வண்டிய நிறுத்தட்டும்."

ஆண்டு விழாவில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பாண்டிக்குக் கொஞ்சம் முன்னால், பிள்ளைச்சாவடியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினோம். இஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் மறுபடி கிளம்பும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சாலை ஓரத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"இன்னாய்யா, நாங்க வெயில்ல காய வைக்கிறோம், நீ புகையில சுடுறியா?"

"ரெண்டு நிமிஷம்மா" என்றார் சித்தப்பா.

"ரெண்டு நிமிஷத்துல வெந்துடும்யா. வெந்தது யாரு வாங்குவா? நீயே வாங்கிக்க."

சித்தப்பா நிஜமாகவே ஒரு பொட்டலம் கருவாடு வாங்கிக்கொண்டார். அதை அவர் சமாதானம் என்று நினைத்தார். சீர்த் தட்டுகளுக்குப் பக்கத்தில் கருவாடு வந்து உட்கார்ந்தது.

பாண்டிக்குள் நுழைந்ததும் வழி தவறியது. சித்தப்பா யாரிடமும் வழி கேட்கமாட்டார். கேட்டால் வண்டிக்கு அவமானம் என்பது அவர் கொள்கை. பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பழைய பகுதி அது. தெருவெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி; ஒரு தெரு போகிற வழி, அடுத்த தெரு வருகிற வழி. சிவப்பு வட்டத்தில் வெள்ளைக் கோடு போட்ட நுழையக்கூடாத பலகையைக் காட்டி, "சித்தப்பா, இதுல போகக் கூடாது" என்றேன். "குங்குமத்து மேல விபூதிப் பட்டை போட்டிருக்கான். நல்ல சகுனம்டா" என்று உள்ளே விட்டார்.

ஒரு வீட்டுச் சுவரில் தெருப் பெயரைக் கையால் தமிழில் எழுதியிருந்தார்கள். பிரெஞ்சில் தெருவுக்கு 'ரூ' என்று பெயர். அதை அப்படியே எழுதிவிட்டார்கள். சித்தப்பா வண்டியை மெதுவாக்கினார்.

"பாத்தியாடா, ரூபா கேட்டு எழுதி வச்சிருக்கான். ரூ போட்டிருக்கான், எவ்வளவுன்னு போடல. ஆளப் பாத்துக் கேப்பானுங்க போல. நம்மகிட்ட நடக்காது." சொல்லிவிட்டு, வசூல் பண்ண யாராவது வருவதற்குள் என்று வேகமாகத் திருப்பினார். திருப்பிய இடத்தில் கடல் இருந்தது.

அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு பெரிதாக, சாலைக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருப்பது போலக் கடல். எங்கள் ஊர்க்காரர்கள் பாண்டி பாண்டி என்று உயிரை விடுகிறார்களே, ஒருத்தராவது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது ரேடியேட்டரும் வாயைத் திறந்தது. வெள்ளை ஆவி ஒரு பக்கம், கறுப்புப் புகை ஒரு பக்கம். வண்டி நின்றுவிட்டது.

"ஆறட்டும்" என்றார் சித்தப்பா. இறங்கிச் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டோம். மாங்காய் துருவிப் போட்ட சுண்டல்; எங்கள் ஊர்க் கோயிலில் கொடுப்பதைவிட உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி. இரண்டாவது பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் கவனித்தேன்: சாலையின் இரண்டு கோடியிலும் தடுப்புக் கட்டை போட்டுவிட்டார்கள். கார் இல்லை, ஸ்கூட்டர் இல்லை. குழந்தைகள் நடு ரோட்டில் பந்து விளையாடின. அத்தனை பெரிய சாலையில் வண்டி என்று மிச்சம் இருந்தது எங்கள் புகைவண்டி ஒன்றுதான்.

சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் வந்தார். பாண்டி போலீசின் அந்த உயரத் தொப்பி தலையில் ஒரு சின்ன டப்பாவைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்தால் பயம் வருவதற்கு முன் ஆச்சரியம் வரும்.

"சாயந்திரமானா இங்க வண்டி வரக் கூடாது. தெரியாதா? எடு, எடு."

"காதுகுத்துக்குப் போறோம் சார்" என்றார் சித்தப்பா.

"யாருக்கு? எனக்கா?"

நான் பத்திரிகையை எடுத்துக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "சரி, கெளம்புங்க" என்றார். சித்தப்பா ஏறிச் சாவியைத் திருகினார். வண்டி நாலு முறை தும்மியது. ஐந்தாவது தும்மலில் உயிர் வந்தது. காற்று கடலிலிருந்து அடித்தது. வந்த புகையை அப்படியே மடித்துச் சாலை மேல் விரித்தது. பந்து விளையாடிய குழந்தைகள் தெரியவில்லை. சுண்டல்காரர் தெரியவில்லை. இருமல் சத்தம் மட்டும் கேட்டது. புகைக்குள்ளிருந்து ஒரு கை வந்து, ஜன்னல் வழியாக நுழைந்து, இஞ்சினை அணைத்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனது. போலீஸ்காரர் கை.

"இது வெளியில போறதுக்குள்ள ஊரு வெளியில போயிடும்யா" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஓரமா கெடக்கட்டும். கூட்டத்துல தள்ளவும் கூடாது, சின்னப் புள்ளைங்க இருக்குது. காலையில தடுப்பு எடுத்த அப்புறம் வந்து சாவிய வாங்கிக்க."

"எத்தினி மணிக்கு சார்?"

"ஏழரைக்கு."

சித்தப்பா என்னைப் பார்த்தார். "ஏழரைன்னே சொல்றாரு பாருடா. பெயரச் சொல்லிட்டே பிடிக்குது சனி."

அதற்குள் நடைபயிற்சிக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒரு பெரியவர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை மீசை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பாண்டியில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்கிறார்கள். போலீஸ்காரரே அவரை "மிசியே" என்றுதான் கூப்பிட்டார்; பிரெஞ்சில் அது ஐயா மாதிரி.

"இந்த ஒரு ரோட்டுலயாவது மனுஷன் மூச்சு விடலாம்னு பார்த்தா, இங்கயும் வந்துட்டீங்களா?" என்றார் மிசியே.

"இது சுதந்திர நாடுங்க" என்றார் சித்தப்பா.

"சுதந்திரம்னா என்னன்னு எனக்குத் தெரியும். நான் அதுக்காகத் துப்பாக்கி தூக்கினவன். அதுல உங்க வேன் இல்ல."

"அது சரி, உங்க வாயில வர்றது என்னா, சாம்பிராணியா?"

மிசியே கையில் சுருட்டு எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். "இது என் சொந்தப் புகை" என்றார்.

"அதுவும் என் சொந்தப் புகைதாங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்க, மிசியே அதைச் சித்தப்பாவுக்கு மொழிபெயர்த்தார். "இந்த வண்டி மியூசியத்துலேருந்து தப்பிச்சு வந்ததான்னு கேக்குது அந்தப் பொண்ணு."

"பழசுக்கு மரியாதை தெரிஞ்ச ஜனங்க" என்றார் சித்தப்பா சந்தோஷமாக.

எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. பத்திரிகையில் முகூர்த்தம் மறுநாள் காலை ஆறரைக்கு மேல் ஏழேகாலுக்குள். தடுப்பு ஏழரைக்கு. சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்படியா போட்டிருக்கு? எட்டு ஒம்பதுக்கு இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

மிஸ்டு கால் கொடுத்ததும் அக்காவே வந்துவிட்டது. தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் மாமாவின் ஸ்கூட்டரில் இருந்து இறங்கி, கடற்காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, வேனைப் பார்த்து, எங்களைப் பார்த்து, கையிலிருந்த சுண்டலைப் பார்த்தது.

"சீரு எங்கன்னு எங்க அத்தை கேக்குது. கடல் பாத்துக்கினு இருக்குதுன்னு சொல்லட்டுமா?"

"நீ தட்டுங்கள எடுத்துக்கினு போயேன்க்கா. நாங்க பின்னாடியே வர்றோம்."

"என் சீர நானே தூக்கிட்டுப் போறதா? அதுக்குக் கடையில வாங்கினேன்னு சொல்லிடலாம்." அக்கா வேனின் படியில் உட்கார்ந்துவிட்டது. "அந்த மினி லாரி வந்தப்ப எங்க அத்தை வாசல்ல நின்னுச்சு பாரு, அந்த மாதிரி ஒரு நாள் நிக்கும்னு மூணு வருஷமா நெனச்சுக்கினு இருக்கேன்டா."

சித்தப்பா சுண்டல் காகிதத்தைக் கசக்கினார். "நீ போம்மா. விடிஞ்சதும் கையக் கால புடிச்சாவது சாவிய வாங்கிட்டு வந்துடுறேன். வண்டி வரும்" என்றார்.

இரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கடல் சத்தம் போட்டது, வண்டி போடவில்லை.

விடியும்போது சாலை முழுக்கக் கால்கள். பாண்டியில் இத்தனை பேர் நடக்கிறார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் ஊரில் ஒருத்தன் காலையில் வேகமாக நடந்தால், "எங்கடா, யாருக்கு என்னா?" என்று கேட்பார்கள். இங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், எதையோ மறந்தவர்கள் மாதிரித் திரும்பி வந்தார்கள். ஒருவர் பின்பக்கமாகவே நடந்தார், முட்டிக்கு நல்லதாம்.

மிசியே வந்தார். கையில் ஒரு முழ நீளத்துக்கு ரொட்டி. சித்தப்பா பக்கத்தில் வந்து, "ராத்திரி சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, ரொட்டியைப் பாதியாக ஒடித்துக் கொடுத்தார். சித்தப்பா அதைத் தட்டிப் பார்த்தார். "உலக்கை மாதிரி இருக்குதேடா" என்றார் என்னிடம். டீயில் தோய்த்துத் தின்றதும் கருத்து மாறியது. "உள்ள பஞ்சு."

காலை ஷிப்டுக்கு வந்த வேறொரு போலீஸ்காரர் சொன்னார்: "சாவி அவருகிட்ட. அவரு வீடு அரியாங்குப்பம். ஏழரைக்குத்தான் வருவாரு." சித்தப்பா கையும் பிடித்தார், கிட்டத்தட்ட காலும் பிடித்தார். சாவி இல்லாதவர் காலைப் பிடித்து என்ன பிரயோஜனம்?

கடலுக்கு மேல் சூரியன் முழுசாக வந்துவிட்டது. நான் பின்கதவைத் திறந்தேன்.

"சித்தப்பா, தூக்குவோம்."

"வண்டி இல்லாம சீரா? உங்க அக்கா மூஞ்சியப் பாத்தியா நேத்து?"

"காது வண்டிக்கா குத்துறாங்க?"

நான் ஒரு கையில் தேங்காய்த் தட்டும் ஒரு கையில் பழத் தட்டுமாக நின்றேன். மிச்சம் ஒரு கல்யாணத்துக்கு உண்டானது உள்ளே இருந்தது. மிசியே வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எந்த இடம் போகணும்?"

"நெல்லித்தோப்பு. முகூர்த்தம் ஏழேகாலுக்குள்ள."

"நான் வருஷக் கணக்கா தினம் இங்க நடக்கிறேன். எங்கயும் போய்ச் சேர்ந்தது கிடையாது." சுருட்டைக் கீழே போட்டு மிதித்தார். "ஒரு தட்டைக் குடுங்க தம்பி. இன்னிக்கு ஒரு இடத்துக்குப் போவோம்."

அவர் பட்டாளத்துக் குரலில் ஒரு சத்தம் கொடுத்தார். நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். பாதிப் பேர் வேலைக்குப் போகணும் என்று நழுவினார்கள். மீதிப் பேர் வந்தார்கள். "டாக்டர் நடக்கத்தான் சொன்னாரு, எங்கன்னு சொல்லல" என்று ஒருவர் லட்டுத் தட்டை எடுத்தார். அவர் மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டு வெற்றிலைத் தட்டைக் கொடுத்தார், அவருக்குச் சர்க்கரை. நேற்றைய வெள்ளைக்காரப் பெண் என்ன என்று கேட்கவே இல்லை, வாழைத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டது. அண்டாவை மூன்று சக்கரச் சைக்கிளில் ஏற்றி இழுத்தோம். தடுப்புக் கட்டையில் காலை ஷிப்டுப் போலீஸ்காரர் சைக்கிளைக் குனிந்து பார்த்தார். "வண்டிதான். புகை வரல. போங்க" என்றார்.

சித்தப்பா வரவில்லை. விட்டுவிட்டு வந்தால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். ஆனால் நாங்கள் கிளம்பும்போது ஓடிவந்தார். கையில் வேனின் ரப்பர் ஹாரன். பித்தளைக் குழாயோடு கழற்றிவிட்டார்.

"இத அமுக்கிக்கினே போ. சத்தமாவது நம்ம வண்டியோடதா இருக்கட்டும்."

அப்படித்தான் போனோம். முன்னால் பின்பக்கமாக நடப்பவர், எங்கள் எல்லோரையும் பார்த்தபடி, கையில் குங்குமத் தட்டோடு. பார்க்கிறவர்களுக்கு அவர்தான் ஊர்வலத்தை நடத்துகிறார் என்று தோன்றும். பிறகு நான், ஹாரன். பிறகு கேன்வாஸ் ஷூக்களும் அரைக்கால் சட்டைகளுமாக எங்கள் சீர்வரிசை. எல்லோரும் பழக்கப்பட்ட கால்கள்; எனக்குத்தான் மூச்சு வாங்கியது. எதிரே வந்த ஆட்டோக்கள் ஒதுங்கின. பூக்கடைக்காரர் ஒருவர், "யாரு வீட்டு விசேஷம்?" என்று கேட்டு, ஒரு முழம் மல்லிகையை அண்டா மேல் போட்டார்.

அக்கா வீட்டுத் தெருவில் திரும்பும் முன் ஹாரனை ஓங்கி அமுக்கினேன். "வேன் வந்துடுச்சு" என்று யாரோ கத்துவது கேட்டது. நாங்கள் திரும்பினோம். வாசலில் அக்காவின் மாமியார், பட்டுப் புடவையில், கையைக் கண்ணுக்கு மேல் வைத்து வேனைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வேன் எங்க?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத எங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்தது, தட்டுகளைப் பார்த்தது, வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்தது. "வேனா? சீர எவனாவது வண்டியில போட்டுக் கொண்டாருவானா சம்பந்தி? அதென்ன சிமெண்ட் மூட்டையா? எங்க பக்கம் ஆளுக்கொரு தட்டு தூக்கி, நடந்துதான் கொண்டாருவோம். மரியாதை அதுலதான்."

மாமியார் வரிசையின் கடைசி வரைக்கும் பார்த்தார். வரிசை தெருமுனை தாண்டி நின்றது. "இந்த வெள்ளைக்காரப் பொண்ணு?"

"கொஞ்சம் தூரத்துச் சொந்தம்" என்றது அம்மா.

மாமியார் வாசலைவிட்டு இறங்கி வந்து ஆரத்தி எடுத்தார். மினி லாரிக்கு அவர் வாசலில்தான் நின்றாராம், இறங்கவில்லையாம். பின்னால் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றது. அழுகிறது என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தது.

பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். ஆசாரி ஊசியைக் காதருகே கொண்டுவந்ததும் அவள் என் கையிலிருந்த ஹாரனை இரண்டு கையாலும் அமுக்கினாள். அந்தச் சத்தத்தில் அவள் அழுததே யாருக்கும் கேட்கவில்லை. ஆசாரிக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டது. நேரத்துக்குள் இரண்டு காதும் முடிந்தது.

நடைபயிற்சிக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். இட்லி, வடை, கறிக்குழம்பு, கேசரி. நடந்து குறைத்ததை எல்லாம் உட்கார்ந்து சேர்த்தார்கள். இட்லி தீர்ந்து, உப்புமா கிண்டி, அதுவும் தீர்ந்தது. சர்க்கரைக்காரர் மனைவிக்குத் தெரியாமல் இரண்டு முறை கேசரி வாங்கினார்.

ஒரு தூக்கில் இட்லியும் குழம்பும் எடுத்துக்கொண்டு மிசியேவோடு கடற்கரைக்குத் திரும்பினேன். தடுப்பை எடுத்துவிட்டார்கள். சிவப்புத் தொப்பிக்காரர் சாவியோடு நின்றிருந்தார். சித்தப்பா விசேஷத்துக்கென்று கொண்டுவந்த வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார்.

"உங்க அக்கா?"

"சிரிக்குது சித்தப்பா."

"ஹாரன் கேட்டுச்சா எல்லாருக்கும்?"

"தெருவுக்கே கேட்டுது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஏறிச் சாவியைத் திருகினார். தும்மல்கூட வரவில்லை, பேட்டரி படுத்துவிட்டது. தள்ளித்தான் எடுக்கணும். ஸ்டியரிங்கில் என்னை உட்காரவைத்து, "ரெண்டாவது கியர்ல போட்டுக் கிளட்ச்ச விடு" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா பின்னால் போனார். அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அதன் பின்னால் அவர் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு பக்கம் மிசியே தோள் கொடுத்தார். "ஏழரை விட்டாப் போதும்" என்று போலீஸ்காரரும் கை கொடுத்தார்.

நகர்ந்தது. கிளட்சை விட்டேன். ஒரு ராத்திரி முழுக்க உள்ளே அடைத்து வைத்திருந்ததை வண்டி ஒரே மூச்சில் வெளியே விட்டது.

கண்ணாடியில் பார்த்தேன். யாரும் இல்லை, மேகம்தான். மேகத்துக்குள்ளிருந்து முதலில் சிவப்புத் தொப்பி வந்தது, ஆனால் சிவப்பாக இல்லை. அப்புறம் மிசியே, மீசை கறுத்து, பத்து வயது குறைந்து. கடைசியில் இரண்டு கண்களும் பற்களும் மட்டும் உள்ள ஒரு மனிதர் இருமிக்கொண்டே வந்து, சாலையில் குந்தி, என்னைப் பார்க்காமல் பொதுவாகக் கத்தினார்:

"எவன்டா இந்த வண்டிய வச்சிருக்கிறவன்?"

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தட்டினார். "நீங்கதான் பெரியவரே" என்றார்.

சித்தப்பா தன் வேட்டியைப் பார்த்தார். வேனின் பின்கதவைப் பார்த்தார். அங்கே என் ஸ்டிக்கரில் 'உரிமை' மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் கறுப்பு. அந்தக் கோலத்தில் அக்கா வீட்டுக்குப் போனபோது வேனைத் தெருமுனைக்கு முன்பே, காற்று தெருவுக்கு வெளியே அடிக்கிற பக்கமாகப் பார்த்து நிறுத்தினார். அவரைக் கண்டதும் பாப்பா காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். இன்னொரு தடவை குத்த வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள்.

சாயங்காலம் ஊர் திரும்பினோம். ஊர் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் சாலை ஓரத்தில் புகைப் பரிசோதனைக் கடை ஒன்று உண்டு. சித்தப்பா எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறார். கடக்கும்போது வேகத்தைக் கூட்டுவார். அன்றைக்கு நான் கேட்காமலே பிரேக்கை மிதித்தார்.

"வாத்தியாரே, போய் கேளு. எவ்வளவு விடுதுன்னு சொல்லட்டும். அப்புறமா மெக்கானிக்கப் பாக்கலாம்."

நான் இறங்குவதற்குள் கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். வண்டியைப் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். இருமிக்கொண்டே திரும்பி வந்தார். "மெஷின் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஷட்டரை இறக்கிவிட்டார்.

சித்தப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மூடிய ஷட்டரைப் பார்த்தார்.

"எப்படா தொறப்பான்?"

"தெரியல சித்தப்பா."

"ஏழரைக்கா இருக்கும்" என்று சொல்லி, இஞ்சினை அணைத்தார்.